மேல்பாதியும் கீழ்பாதியும்

மேலகரம்
25-7-1988

குழல்வாய்மொழிக்கு,

நேற்று குற்றாலத்தில், கடற்கரை நடத்தும் வீடியோ கேம்ஸ் கடையில், நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டதாக மேலகரத்திலும் இலஞ்சியிலும் பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். நான் பிளக்கைப் பிடுங்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். இரண்டும் ஒன்றல்ல. பிளக்கைப் பிடுங்குவது ஆத்திரத்தில் செய்வது. நான் வலது கை ஆள்காட்டி விரலால், ஒரே தடவை, என்ன செய்கிறோம் என்று தெரிந்தே அணைத்தேன். ஈரத் தரையில் கால் வழுக்கி, விழாமல் இருக்கச் சுவரைப் பிடித்தபோது கை பட்டுவிட்டது என்று எனக்குப் பரிந்து பேசுகிறவர்களுக்கும் இதையே சொல்லிவிடு. எனக்குக் கால் வழுக்கவில்லை.

வக்கீல் அனந்தநாராயணனின் மனைவி, அவர் போன ஏழு வருஷத்துக்குப் பிறகு, அறுபத்தைந்து வயதில், சீசன் கடையில் நின்றுகொண்டு பெட்டி விளையாட்டு ஆடுகிறாள் என்பதையும் சிலர் இப்போதுதான் கண்டுபிடித்தது போலப் பேசுகிறார்கள். போன வருஷமே ஆடினேன். ஒளிந்து ஆடவில்லை. சாரலுக்கு நாம் இருவரும் அந்தக் கடை வாசலில் ஒதுங்கினோம். பஸ் வரவில்லை. கடற்கரை, "மாமி, ஆச்சி, சும்மா நிக்கதுக்கு ஒரு கை பாருங்களேன்" என்றான். பார்த்தோம். அவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. இரண்டு கப்பல்கள், நீலம் எனக்கு, சிவப்பு உனக்கு. ஆகாயத்தில் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நிற்க விடாது, திரும்ப விடாது. முதல் ரவுண்டு பாறைகள். இரண்டாவது பனிக்கட்டி. மூன்றாவது நெருப்பு. மேலேயும் நெருப்புக் கடல், கீழேயும் நெருப்புக் கடல், நடுவே ஒரு சந்து. அந்த மூன்றாவது ரவுண்டை போன சீசன் முழுவதும் குற்றாலத்தில் ஒருவரும் தாண்டவில்லை. அதிகத் தூரம் போனவர் பெயரைக் கடற்கரை சிலேட்டில் எழுதித் தொங்கவிடுவான். ஆகஸ்ட் கடைசியில் பெட்டியை லாரியில் ஏற்றி மதராசுக்கு அனுப்பியபோது சிலேட்டில் முதல் பெயர் என்னுடையது. அன்று பஸ் ஸ்டாண்டில் நீ என்ன சொன்னாய்? "அடுத்த வருசம் ரெண்டு பேருமா தாண்டுதோம் பாரு" என்றாய். ரெண்டு பேருமா என்றாய்.

அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, இருபது நாள் கும்பகோணத்தில் இருந்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நேரே கடைக்கு வருகிறேன். உன் பக்கத்தில், இடது பக்க ஹேண்டிலில் யாரோ ஒரு பெண் நிற்கிறாள். அது என் இடம். கடை கொள்ளாத கூட்டம் கை தட்டுகிறது. நெருப்பு முடிந்துவிட்டது என்று கத்துகிறார்கள். கடற்கரை சிலேட்டிலிருந்து என் பெயரை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

அணைத்தேன்.

நீ அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்து, "ஏட்டி, பொறாமக்காரி!" என்றாய். ஐம்பது வருஷச் சிநேகிதத்தில் நீ என்னை இப்படிப் பேசியதில்லை. அந்த இரண்டு சொற்களையும் எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். அதுவரை நான் இலஞ்சிக்கு வரமாட்டேன். நீயும் இங்கே வர வேண்டாம்.

பிருஹதாம்பாள்


இலஞ்சி
28-7-88

அன்புள்ள அம்பா,

உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நல்லகண்ணு போகாமல் நின்றான். "ஆச்சி, மேலகரத்து மாமி கையெழுத்துல்லா? இது தென்காசி போயி, பை மாறி, திரும்பி வந்திருக்கு. நீங்க வாசல்ல நின்னு கூப்பிட்டா அவுகளுக்குக் கேக்குமே!" என்றான். தபால்காரனுக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று விரட்டினேன். ஆனால் அவன் சொன்னது தப்பில்லை.

'ஏட்டி' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். ஏழு பேரன் பேத்தி எடுத்தவளை அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாது. மற்ற சொல்லைத் திரும்பப் பெற முடியாது. அதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் நீ எழுது. நீதான் படிப்பில் முதல்.

நீ கும்பகோணம் போனதும் நான் உடனே ஓடிப்போய் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டேன் என்று நினைக்கிறாய். முதல் வாரம் நான் கடைப்பக்கமே போகவில்லை. எங்க வீட்டுக்கார அய்யாகூட, "என்ன, ஒன் ராக்கெட்டு இந்த வருசம் பறக்கலியா?" என்று கேலி செய்தார்கள். இரண்டாவது வாரம் அருவியில் தண்ணீர் குறைவு, குளிக்கவும் மனமில்லை, சும்மா எட்டிப் பார்த்தேன். ஜைனப் நின்றுகொண்டிருந்தாள். தென்காசியில் தையல் கிளாஸ் நடத்துகிறவள், நாற்பது வயதிருக்கும். போன வருஷம் நாம் ஆடுவதை ஜன்னலில் நின்று பார்த்தாளாம். "ஆச்சி, செவப்புக் கப்பல் ஒங்களுதுதான?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஒரு ஆட்டம் ஆடுவமா?" என்றாள். இடது ஹேண்டில் ஒருத்தருடையது, அவர்கள் வரட்டும் என்றேன். அம்பா, மூன்று நாள் அந்த ஹேண்டிலை நான் யாரையும் தொடவிடவில்லை. கடற்கரைக்கே கோபம் வந்துவிட்டது. "ஆச்சி, அது பஸ் சீட்டா, துண்டு போட்டு வைக்கதுக்கு?" என்றான். உன்னிடமிருந்து ஒரு கார்டு வரும், வருகிறேன் என்று ஒரு வரி இருக்கும் என்று பார்த்தேன். இருபது நாளும் வரவில்லை.

நாலாவது நாள் ஆடினேன்.

நெருப்பைத் தாண்டியது அன்றைக்குத்தான், நீ வந்த அன்றைக்கு. கடைசியில் சூரியன் மாதிரி ஒரு உருண்டை, அதற்கு நடுவில் கறுப்பாக ஒரு கண். அந்தக் கண் திறக்கும்போது மட்டும் சுட வேண்டும். ஜைனப் கப்பல் போய்விட்டது. என்னுடையதும் கடைசிக் கப்பல். சுட்டேன். உருண்டை வெடித்தது. நெருப்பு அப்படியே விலகி, அடுத்த ரவுண்டு வந்தது. இந்த ஊரில் யாரும் அதுவரை பார்க்காததை நான் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் திரை கறுத்துவிட்டது.

அறுபத்தைந்து வயதில் எனக்குக் கை தட்டியது அதுதான் முதல் தடவை. நாம் படித்த கான்வென்ட்டில் தட்டியதெல்லாம் உனக்கு. ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?

அந்த மூன்று எண்ணிக்கையில் என்ன பார்த்தேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன்.

குழல்வாய்மொழி


மேலகரம்
1-8-1988

குழல்வாய்மொழிக்கு,

கார்டு எழுதாதது என் தவறு. அக்காவைப் புரட்டிப் படுக்கவைக்கவே பொழுது சரியாக இருந்தது. ஆனால் எழுதாவிட்டால் வரமாட்டேன் என்று அர்த்தமா?

நீ என்ன பார்த்தாய் என்பது எனக்குத் தேவையில்லை. எப்படித் தாண்டினாய் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இது பொறாமை அல்ல. கணக்கு உதைக்கிறது, அதனால் கேட்கிறேன்.

போன வருஷம் நாம் நெருப்புக்குள் எத்தனையோ தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் முதலில் விழுந்தது உன் கப்பல். ஒரு தடவைகூட மாறவில்லை. நீ விழுந்த பிறகு நான் தனியாகப் போராடி, நெருப்புப் பறவைகள் வரிசையாக வரும் இடம்வரை போவேன். இது நான் பெருமைக்காகச் சொல்வதல்ல. சிலேட்டில் இருந்தது. கான்வென்ட்டில் ரிங் ஆடிய காலத்திலிருந்தே உன் கை கொஞ்சம் மெதுவானது. அதைக் குறையாக நான் ஒருநாளும் சொன்னதில்லை, உண்மையாகத்தான் சொல்லியிருக்கிறேன். அதே கை, அதே நெருப்பு. பத்து நாள் பழகிய ஒருத்தி பக்கத்தில் நின்றதும் எப்படித் தாண்டியது?

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். எம்ப்ராய்டரிக்கு வைத்திருந்த கட்டம் போட்ட நோட்டில் நெருப்பு ரவுண்டு முழுவதையும் நான் வரைந்து வைத்தேன். எந்த நெருப்பு மேலிருந்து வரும், எது கீழிருந்து வரும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை எண்ண வேண்டும் என்று கட்டம் கட்டமாக, சிவப்புப் பென்சிலில். அந்த நோட்டு உன்னிடம் இருக்கிறது. அதை அவளுக்குக் காட்டியிருக்கிறாய். அப்படியானால் அன்றைக்கு நெருப்பைத் தாண்டியது அவள் அல்ல. நான். சிலேட்டில் அதையும் எழுதியிருக்க வேண்டும்.

இன்னும் சில விவரம் வேண்டும். எனக்கு எட்டாத உயரமாக இருக்கிறது என்று கடற்கரை ஒரு மரப்பலகை போட்டானே, அதன்மேல் அவள் ஏறி நின்றாளா? பட்டனை அவள் கட்டைவிரலால் அழுத்துகிறாளா, ஆள்காட்டி விரலாலா? ஆட்டம் முடிந்து நீங்கள் இருவரும் காப்பி சாப்பிடப் போனதாக மாடத்தி சொல்கிறாள். நாம் உட்காரும் கடையிலா?

பிருஹதாம்பாள்


இலஞ்சி
5-8-88

அன்புள்ள அம்பா,

பலகைமேல் அவள் நிற்கவில்லை. அவள் உன்னைவிட ஒரு சாண் உயரம். ஆள்காட்டி விரல். காப்பி இல்லை, டீ. அதே கடைதான், குற்றாலத்தில் வேறு கடை எது நன்றாயிருக்கிறது? உங்கள் வீட்டு மாடத்தி பாத்திரம் தேய்க்கிறாளா, எங்களை வேவு பார்க்கிறாளா?

நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நாங்கள் அதைத் திறக்கவே இல்லை. நீ சுற்றிக் கட்டிய ரிப்பன் அப்படியே இருக்கிறது, முடிச்சைப் பார், உன் முடிச்சுத்தான். உன் படத்தில் தப்பு இருக்காது. ஆனால் அதில் நீ நெருப்பைத்தான் வரைந்தாய். நம் இரண்டு பேரையும் வரையவில்லை.

நீ கேட்டதால் சொல்கிறேன். கேட்டிருக்காவிட்டால் சாகும்வரை சொல்லியிருக்கமாட்டேன்.

ரிங் ஆடிய நாளை நினைத்துப் பார். ரப்பர் வளையம், நடுவே வலை, இந்தப் பக்கம் நாம் இரண்டு பேர். நீ கேப்டன். முதல் நாளே காலால் மண்ணில் கோடு கிழித்து, "அந்தப் பாதி உனக்கு, இந்தப் பாதி எனக்கு. என் பாதியில விழறதை நீ தொடப்படாது. விழுந்தாலும் பரவாயில்லை" என்றாய். தொடவில்லை. மூன்று வருஷம் தொடவில்லை. என் கை மெதுவானது என்று நீ எல்லோரிடமும் சொன்னாய். உன் பாதிக்குள் போகக்கூடாது என்று பாதி வழியில் இழுத்துக்கொள்கிற கை வேறு எப்படி இருக்கும்?

போன வருஷம் கடற்கரை கடையில் முதல் ஆட்டத்திலேயே நீ சொன்னது: "மேல்பாதி எனக்கு, கீழ்பாதி உனக்கு." திரையில் கோடுகூட இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது.

இப்போது நெருப்பைப் பார். அந்த நீண்ட சந்தில் முதல் நெருப்பு எப்போதும் கீழே இருந்துதான் எழும்பும், வில் மாதிரி வளைந்து. உன் படத்திலேயே இருக்கும். கீழே இருக்கிறவளுக்குத் தப்பிக்க ஒரே வழி மேலே. மேலே உன் பாதி. நான் அங்கே வரமாட்டேன். வர வேண்டும் என்று தெரியும், கை வராது. அங்கேயே நின்று எரிவேன். அடுத்த நெருப்பு மேலே இருந்து இறங்கும். அப்போது நீ என்ன செய்வாய்? கீழே வருவாய். வரலாம், அங்கேதான் ஆள் இல்லையே, நான் செத்துப்போயிருப்பேனே. அதனால்தான் நீ ஒவ்வொரு தடவையும் என்னைவிடத் தூரம் போனாய், அம்பா. கை வேகத்தால் இல்லை.

வழியில் மிதந்து வரும் நீல உருண்டைகளையும் எண்ணிப் பார். ஒன்றைப் பிடித்தால் வேகம், இன்னொன்றைப் பிடித்தால் இரட்டைக் குண்டு. ஒருத்தி எடுத்தால் மற்றவளுக்குக் கிடையாது. "கேப்டன் பலமா இருந்தாத்தான் டீம் பிழைக்கும்" என்று எல்லாவற்றையும் நீயே எடுத்துக்கொள்வாய். நான் முழு சீசனும் ஒற்றைக் குண்டோடு நெருப்புக்குள் போனேன்.

ஜைனபுக்குப் பாதி என்று ஒன்று இருப்பதே தெரியாது. கீழே எழும்பினால் நான் மேலே, அவள் கீழே. மேலே இறங்கினால் மறுபடி மாறிக்கொள்வோம். இரண்டு பேர் ஒரு வாசலில் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போவதில்லையா, அவ்வளவுதான். இதற்கு நோட்டு வேண்டாம், ரிப்பன் வேண்டாம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தால் பொய்யாகத் தெரிகிறது.

குழல்வாய்மொழி


மேலகரம்
8-8-1988

குழல்வாய்மொழிக்கு,

கடிதமும் நோட்டும் கிடைத்தன.

நீ எழுதியது உண்மையல்ல. நான் வழிவிடுவேனா மாட்டேனா என்று நீ ஒருநாள்கூட என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. ஐம்பது வருஷமாக மனதில் வைத்திருந்ததைச் சொல்ல உனக்கு ஒரு ஜைனப் வேண்டியிருந்திருக்கிறது. அவளோடேயே ஆடு. சிலேட்டும் உங்களுக்கே இருக்கட்டும்.

இனி கடிதம் வேண்டாம்.

பிருஹதாம்பாள்


இலஞ்சி
16-8-88

அம்பா,

வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

ஆடி அமாவாசைக் கூட்டம் கலைந்த மறுநாள், சனிக்கிழமை காலை, நீ கடைக்கு வந்திருந்தாய் என்று கடற்கரை சொல்லுகிறான். "மாமி வந்தாவ, ஆடினாவ, குடைய விரிச்சிட்டுப் போயிட்டாவ" என்றான். தனியாகவா ஆடினார்கள் என்று கேட்டேன். "அத அவுக கிட்டயே கேளுங்க ஆச்சி, எனக்கு எதுக்கு ஊர் வம்பு" என்று சிரிக்கிறான். எவ்வளவு மிரட்டியும் சொல்லவில்லை. உன்னிடம் அவ்வளவு பயம்.

இன்னொரு விஷயம் சொன்னான். முப்பத்தொன்றாம் தேதி பெட்டியை லாரியில் ஏற்றுகிறானாம். அடுத்த வருஷம் இது வராதாம். ஆட்களுக்கு இது அலுத்துவிட்டது, கார் ஓட்டுகிற பெட்டிதான் கேட்கிறார்கள் என்கிறான். ஆக, நெருப்புக்கு அப்புறம் என்ன என்பதைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம்தான். அதோடு போச்சு.

ஜைனப் இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். "ஆச்சி, மறுபடி தாண்டுவோம், இந்தத் தடவ யாரும் அணைக்க மாட்டாவ" என்று. பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் ஆடவில்லை. ஏன் தள்ளிப்போடுகிறேன் என்று அய்யாவும் கேட்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். உனக்கு எழுதமாட்டேன்.

குழல்வாய்மொழி


மேலகரம்
20-8-1988

அன்புள்ள குழல்,

சனிக்கிழமை நான் தனியாக ஆடவில்லை. கடற்கரையை இனி மிரட்டாதே. நானே சொல்கிறேன்.

நீ எழுதியது பொய் என்று நிரூபிக்கத்தான் போனேன். காலையில் கூட்டம் இருக்காது, யாரையாவது கீழ்பாதியில் நிற்கவைத்து ஆடிக்காட்டி, அவர்களும் முதலில் விழுகிறார்களா என்று பார்த்தால் கை மெதுவா இல்லையா என்பது தெரிந்துவிடும் என்பது என் திட்டம். உள்ளே போனால் ஜைனப். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். நீ சொன்னபடி உயரம்தான்.

"வாங்க மாமி. ஆச்சி வரலியா?" என்றாள்.

"அவ வருவாளா மாட்டாளான்னு உங்களுக்குத்தானே தெரியணும்" என்றேன்.

"நானும் பாத்து மூணு வாரமாச்சு மாமி. கூப்பிட்டா, பொறவு பொறவுங்காவ."

மூன்று வாரம் என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷம்தான்.

ஆடலாமா என்று கேட்டேன். அவள் உடனே இடது ஹேண்டிலை எனக்கு விட்டுவிட்டு, அந்த மரப்பலகையையும் இழுத்துப் போட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவளைக் கீழே நிற்கச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏனோ, "நீங்க மேல, நான் கீழ" என்று வந்துவிட்டது.

"மேல கீழன்னா என்ன மாமி?" என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

பாறை போயிற்று, பனி போயிற்று, நெருப்பு வந்தது. இத்தனை நாள் நான் அதை மேலிருந்து பார்த்திருக்கிறேன். கீழே இருந்து பார்த்தால் அது வேறாக இருக்கிறது, குழல். மேலே இருக்கிறவளுக்குக் கீழ் நெருப்பு எங்கோ தூரத்தில் எழும்பி, வளைந்து, அடங்கும். அழகாகக்கூட இருக்கும். கீழே இருக்கிறவளுக்கு அது காலடியில் கிளம்புகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். என் கணக்குச் சரிதான், சரியாக எண்ணிக்கையில் எழும்பியது. மேலே போக வேண்டும். தெரிகிறது. மேலே அவள் கப்பல் இருக்கிறது. என் கை போகவில்லை.

"மேல வாங்க மாமி, எடமிருக்கு" என்றாள்.

போகவில்லை. எரிந்தேன். இரண்டாவது கப்பல் வந்தது. அதே இடம், அதே நெருப்பு. "வாங்க மாமி, நான் எறங்குதேன்" என்று அவள் இறங்கியும் கொடுத்தாள். மேலே முழுவதும் காலியாக இருந்தது. அப்போதும் போகவில்லை. மூன்றாவதும் போயிற்று. மூன்று கப்பலும் ஒரே இடத்தில், நான் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று. பக்கத்தில் இருந்தவன், "மாமிக்குக் கை மெதுவு" என்றான். திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

ஐம்பது வருஷமாக உன் கை மெதுவானது என்று நான் சொல்லிவந்தது தவறு. உன்னிடம் மட்டும் இல்லை, நம் கூடப் படித்தவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்களோ அவர்களுக்கும் எழுதித் திருத்திவிடுகிறேன். போன வருஷம் சிலேட்டில் என் பெயர் இருந்த இடமும் எனக்குச் சொந்தமானதில்லை. நீ காலிசெய்த இடத்தில் நின்று வாங்கியது. சுவிட்சை அணைத்தது தவறு. தெரிந்து செய்தது என்பதால் அது இன்னும் பெரிய தவறு.

நீ சொன்ன அந்தச் சொல்லும் சரிதான். அதைத் திரும்பப் பெற வேண்டாம். அக்காவுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதெல்லாம் நான் நெருப்பைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நீ எனக்காகக் காத்திருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் கார்டுகூட எழுதவில்லை. திரும்பி வந்து பார்த்தால் நீ நான் இல்லாமலே போயிருந்தாய், என்னோடு ஒருபோதும் போகாத தூரத்துக்கு. அதுதான் தாங்கவில்லை. நெருப்பைத் தாண்டியதுகூட இல்லை.

இன்னும் ஒன்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் நேர்மையாக இருக்காது. ஆடும்போது அந்த ஜைனப் நெருப்பைப் பார்க்கவில்லை. என் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எந்தப் பக்கம் அசைகிறேன் என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி ஒதுங்கினாள். உன் கப்பலையும் இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. நல்ல பெண். எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை, 29-ஆம் தேதி, காலை பத்து மணிக்குக் கடையில் இருப்பேன். நீ எந்த ஹேண்டிலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். உருண்டைகளை முறை வைத்து எடுப்போம். நான் மேலே போகத் தயங்கினால் நீ திட்ட வேண்டும், கடையே கேட்கும்படி. உன் கப்பலைப் பார்த்து ஆடப் பழக வேண்டும். ஒரே நாளில் வராது என்று தெரிகிறது. பெட்டி போக அதற்குப் பிறகு இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் தாண்டாமலும் போகலாம். உன்னை மறுபடி அந்த அடுத்த ரவுண்டுவரை கொண்டுபோக என்னால் முடியாது, அவளால் முடியும் என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உனக்கு முக்கியம் என்றால் அவளோடு போ. நான் அந்தப் பக்கம் வரமாட்டேன், சுவிட்சைத் தொடமாட்டேன். மூன்று பேரும் மாறி மாறி ஆடலாம் என்று எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக முயற்சி செய்கிறேன். முடியவில்லை.

என்னோடு ஆட வருகிறாயா, இல்லையா? நல்லகண்ணுவிடம் சொல்லி அனுப்பாதே, மாடத்தியிடமும் வேண்டாம். வருகிறேன் அல்லது வரவில்லை என்று உன் கையால் எழுதி, சனிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி தபாலில் போடு.

பிருஹதாம்பாள்